ஹெலியா, கோபுரமா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் சின்னம்மா அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறார். நகரத்துக்கு மேலே ஹெலிகொப்டரில் ஒரு சுற்று கூட்டிப்போக மகன் ஆசைப்படுகிறானாம். "நீ ஏறினனிதானே பிள்ளை, காசு குடுத்து ஏறலாமோ?" பருத்தித்துறை வடையை நொறுக்கியபடி கேட்டார். ஹெலி, ரொறன்ரோவின் சி.என். கோபுரம் இரண்டிலும் ஏறியவள் என்ற முறையில் அவருக்குச் சொன்னது இது.

ஹெலி, தீவு விமான நிலையத்திலிருந்து கிளம்பும். கரையிலிருந்து அங்கே போகும் படகு ஓடும் தூரம் சுமார் 120 மீட்டர். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு வெயிலில் காய்ந்தவர்களுக்கு அது சிரிப்பு வரும் பயணம். அப்புறம் எடை பார்ப்பார்கள். யார் எங்கே இருப்பது என்பதை அந்த எடைக்கணக்குத்தான் தீர்மானிக்கும். ஆசைப்பட்ட யன்னல் எல்லோருக்கும் வாய்க்காது. எனக்குக் கிடைத்தது பின்வரிசை நடு. நகரத்தை விட, முன்னால் இருந்த அத்தானின் பிடரியைத்தான் அதிகம் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, இறக்கிவிட்டார்கள். கோபுரச் சீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு காசு.

ஆனால் ஒன்று: ஏரிப்பக்கமாகத் திரும்பும்போது சி.என். கோபுரம் பக்கத்தில் முழு உயரத்துக்கும் நின்றது. கோபுரத்துக்குள் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடையாது.

கோபுரம் 1976இல் திறந்தது, 553 மீட்டர். பார்வைத்தளம் 346 மீட்டரில். லிஃப்ட் ஒரு நிமிடத்துக்குள் ஏற்றிவிடும். கண்ணாடித் தரையில் நிற்கப் பயமென்றால் ஓரமாக நடக்கலாம். யாரும் விரட்டமாட்டார்கள். பொழுது சாய ஒரு மணித்தியாலம் முன்னால் ஏறினால், பகலையும் விளக்கு எரியும் நகரத்தையும் ஒரே சீட்டில் பார்க்கலாம். பனிப்புகார் மூடினால் மட்டும் வெள்ளைச் சுவர்தான். அந்த நாளில் ஹெலியும் கிளம்பாது.

சரி, காசையும் இருக்கையையும் விடுங்கள். சின்னம்மாவின் வயதுக்காரருக்கு 'ஹெலி' என்பது சுற்றுலாச் சொல் இல்லை. யாழ்ப்பாணத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய காலம் அவருக்கு இருக்கிறது. காதில் ஹெட்போன் போட்டாலும் அதிர்வு நெஞ்சுக்குள் வரும். ரொறன்ரோவில் வளர்ந்த மகனுக்கு இது தோன்றாது. அவன்மேல் குறையும் இல்லை. அதனால் என் தீர்ப்பு கோபுரம். முன்னிருக்கை கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி தந்தால், இளசுகள் மட்டும் ஹெலியில் போகட்டும்.

அது போக, ஊரை மேலிருந்து பார்க்க, காசு தனியாகக் கேட்காத மூன்றாவது வழியும் இருக்கிறது. 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து அங்கே வரும் ஏ.டி.ஆர். சின்ன விமானம், இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைக்காது. எஞ்சினுக்கு நேரே உள்ள வரிசையை மட்டும் தவிர்த்து, வாலுக்குக் கிட்ட யன்னல் கேளுங்கள். பச்சைக்கடல் முடிந்து செம்மண் தோட்டங்கள் தொடங்கும் அந்தக் கோட்டில் பனைகள் ஈர்க்குக்குச்சி மாதிரித் தெரியும்.

சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கட வீட்டு ஓடு தெரியுமோ?" என்றார். கொக்குவில் தெரிவது விமானம் திரும்பும் பக்கத்தைப் பொறுத்தது என்றேன். வரும்போது சென்னை வழியாகத்தான் வருவாராம். யன்னல் சீட்டு போடும் பொறுப்பு என் தலையில்.