டெல்டாவில் பழைய ஜீப்: எனாமலா, என்சியா, பியூவா?

பழைய ஜீப் ஒன்றை வாங்கி வீட்டுக் கொல்லையிலேயே வைத்துத் தேற்றிவிடலாம் என்று இறங்குபவர்கள் முதலில் கேட்பது பெயிண்டைப் பற்றித்தான். சிந்தெடிக் எனாமல் போதுமா, என்சி லாக்கர் அடிக்கலாமா, காசு போனாலும் போகட்டும் என்று பியூவுக்கு (பாலியூரிதேன் பெயிண்ட்) போய்விடலாமா? கோயம்புத்தூர்க்காரர் இதற்குச் சொல்லும் பதில் நமக்கு அப்படியே ஒத்துவராது. இங்கே கணக்கை மாற்றுவது ஈரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நின்ற வண்டி என்றால் அதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் மேல்பூச்சை அப்புறம் பார்க்கலாம், முதலில் தகடு.

1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்த மஹிந்திரா, அந்த அச்சிலேயே சிஜே, எம்எம் 540 என்று மாடல்களைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. வளைவு நெளிவு அதிகமில்லாத தட்டைத் தகடு. வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான வண்டி கிடையாது. துரு பிடிக்கும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ரப்பர் மேட்டுக்கு அடியில் தரை, சீட்டுக்குக் கீழே பெட்டி, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, தரைக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் மடித்த பட்டைகள். கடைசியாகச் சொன்னதுதான் நம் ஊரில் எமன். வரப்பு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஓடிய வண்டியில் களிமண் சேறு அந்த மடிப்புக்குள் போய் அடைந்திருக்கும். வெளியே காய்ந்து வெடித்துக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிண்டினால் சித்திரை வெயிலிலும் உள்ளிருந்து ஈரமண் உருண்டு வரும், கூடவே அப்பளம் போல துருச் செதில்கள்.

சோதிக்க இரண்டு கருவி போதும். சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு 'டங்' என்னும், உளுத்த இடம் 'தொப்' என்று அடங்கும். அடுத்து, துணியில் சுற்றிய காந்தம். பளபளப்பான பக்கத் தகட்டில் அது ஒட்டாமல் நழுவினால், முன்பு யாரோ விரல் கனத்துக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓட்டையை அடைப்பதில் மூன்று வழிகள் உண்டு. "அண்ணே, பைபரை ஒட்டிப் பட்டி இழுத்துடலாம்ண்ணே, வெளிய ஒண்ணுமே தெரியாது" என்பது பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. வெளியே தெரியாது என்பது உண்மைதான். உள்ளே துரு ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதும் உண்மை. காரணம், பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். நம்மூரில் பட்டி காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்ப்பது வேறு பழக்கம். அந்தத் தண்ணீர் பட்டிக்குள் தங்கி ஐப்பசியில் கொப்புளமாக எழும்பும். பட்டியைக் காய்ந்த எமரியால் தேய்ப்பதே நல்லது. மூக்கில் தூசி மாஸ்க் கட்டாயம்.

இரண்டாவது, ஜிஐ தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டுப் போடுவது. துரு பிடிக்காத தகடாயிற்றே என்று தோன்றும். ஆனால் துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எனாமல் நிற்காது. இரண்டும் வினைபுரிந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, பெயிண்ட் தோலாக உரியும். அதை வெல்டு வைக்கும்போது வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். ஆக மூன்றாவதுதான் சரி. உளுத்ததை நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லி கனமுள்ள சாதா இரும்புத் தகட்டை சிஓடூ வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு மெல்லிய கம்பியை உருக்கி வைப்பது) புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைப்பது. குச்சி வைத்துச் செய்யும் சாதா ஆர்க் வெல்டிங்கில் இந்தக் கனம் சட்டென்று பொத்துக்கொள்ளும். வெல்டுக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பழைய சிஜே வகையில் எரிபொருள் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதை இறக்கி எட்ட வைக்காமல் தரையில் தீப்பொறி படக்கூடாது. காலி டாங்க்தானே என்று விடவே கூடாது, உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும்.

பழைய பெயிண்டை எடுக்க கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதே வீட்டுக்கு ஏற்றது. மணல் வீச்சு சேஸிக்குச் சரி, மெல்லிய தகட்டை நெளித்துவிடும். பெயிண்ட் ரிமூவர் வேகமாக வேலை செய்யும், ஆனால் மடிப்புகளில் தங்கிப் பிறகு புதுப் பெயிண்டையும் தூக்கும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டாம்.

பிரைமரில் ரெட் ஆக்சைடா, எபாக்ஸியா என்ற போட்டியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரெட் ஆக்சைடு மலிவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், கேட் கம்பிக்கு அது போதும். ஆனால் அதில் நுண்துளைகள் உண்டு. மேல்பூச்சு இல்லாமல் ஒரு மழை வாங்கினால் அடியில் துரு எடுத்துவிடும். எபாக்ஸி இரண்டு டப்பா கலந்து அடிப்பது, விலை கூடுதல், ஆனால் ஈரத்தைத் தகட்டுக்கு விடாது. மேலே எந்தப் பெயிண்டையும் தாங்கும், பட்டியும் அதன்மேல் போட்டால் நன்றாகப் பிடிக்கும். பட்ஜெட்டில் கைவைக்க வேண்டுமென்றால் மேல்பூச்சில் வையுங்கள், இதில் வேண்டாம்.

இப்போது மேல்பூச்சு. என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், நிமிடங்களில் காய்ந்துவிடும். தூசி ஒட்ட நேரமே இல்லை. இது கொல்லைக்குப் பெரிய வசதி. தப்பு நேர்ந்தால் தேய்த்து மறுபடி அடிக்கலாம், பாலிஷ் போட்டால் கண்ணாடியாக மின்னும். ஆனால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து, பெயிண்ட் பால் பூத்தது போல வெளுக்கும். காவிரிக்கரையில் மார்கழிக் காலையில் என்சி அடித்தால் அதுதான் நடக்கும். மெதுவாக உலரவைக்கும் ரிடார்டர் தின்னர் சேர்த்துச் சமாளிக்கலாம், அவ்வளவே. பெட்ரோல் சிந்தினால் இளகிக் கெடுகிற குணமும் உண்டு. இன்னொன்று, பழைய எனாமல் இருக்கிற தகட்டின்மேல் என்சி அடித்தால் அதன் தின்னர் அடிப் பெயிண்டைச் சுருக்கித் தூக்கிவிடும்.

பியூ மற்ற இரண்டையும்விட உறுதியானது என்பதில் மறுபேச்சில்லை. வெயில், பெட்ரோல், டீசல், உரசல் எல்லாவற்றையும் தாங்கும். வீட்டில் அடிக்கலாமா என்றால் கூடாது என்பேன். பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் ஆஸ்துமாவாக ஒட்டிக்கொள்ளும். முகத்தில் கைக்குட்டை கட்டுவதும் சாதா மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே இல்லை, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். கம்ப்ரசர் காற்றில் ஈரம் வந்தாலும் அது ஹார்ட்னருடன் வினைபுரிந்து குமிழி விடும். கீற்றுக்கொட்டகையில் செய்கிற வேலை இல்லை இது. பியூதான் வேண்டும் என்றால் தகடு, பிரைமர் வரை வீட்டில் முடித்து, பெயிண்ட் அடிக்கத் தனி அறை (பூத்) வைத்திருக்கும் பட்டறைக்கு ஓட்டிப் போங்கள். காட்டுமேட்டில் கிளை உரசும் வண்டிக்கு அவ்வளவு தேவையா என்பதையும் யோசியுங்கள். கீறல் விழுந்தால் பொருந்தாத திட்டில்லாமல் சரிசெய்வது பியூவில் சிரமம்.

என் ஓட்டு எனாமலுக்கு. பளபளப்பு சுமார்தான், சில வருடத்தில் வெயில் பட்ட பக்கம் மங்கும். ஆனால் கீறல் விழுந்தால் ஒரு பிரஷ் எடுத்து நாமே தொட்டுவிடலாம், அடுத்த வருடமும் அதே நிறம் கடையில் கிடைக்கும். ஸ்ப்ரே கன் இல்லையென்றாலும் கவலையில்லை. டர்பன்டைன் கலந்து இளக்கி, ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாகப் பல கோட், இடையிடையே 800 நம்பர் வாட்டர் பேப்பர் என்று போனால் தட்டைத் தகட்டில் நல்ல முகம் வரும். குறை, காய ஒரு ராத்திரி ஆகும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில மணி நேரம். அதற்குள் பறக்கிறதெல்லாம் அதில்தான் உட்காரும். சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு அடித்தால் பக்கத்து வயலின் தத்துப்பூச்சியும் புகையானும் கூட்டமாக வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் பார்த்தால் பானட் முழுக்கப் புள்ளி வைத்த சேலை. வெளிச்சம் உள்ளபோதே முடித்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, விளக்கை அணைத்துவிடுங்கள்.

எப்போது அடிப்பது? ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை, தொடவே வேண்டாம். தையிலும் மாசியிலும் விடியலில் பனி, பகலில் அறுப்பு மெஷின் கிளப்பும் பதரும் சுணையும். ஆனி, ஆடியில் காற்று. மிஞ்சுவதில் தோதானது பங்குனியும் சித்திரையும்தான். நடு வெயிலில் கன்னிலிருந்து கிளம்பும் துளி தகட்டைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். ஆகவே பனி விலகிய காலை எட்டிலிருந்து பத்து வரை. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மடிப்புப் பட்டைகளுக்குள் பெயிண்ட் போகாது, அங்கே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சுங்கள். கடைசிக் கோட்டுக்கு முன் பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். பிரேக் ஆயில் சொட்டினால் புது எனாமல் அந்த இடத்தில் இளகி உரியும்.

நிறம் தேர்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜீப் என்றதும் பலருக்கும் ராணுவப் பச்சைதான் ஆசை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது. வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்சியில் பதிவான நிறத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தேதி பக்கத்தில் இருந்தால் பழைய நிறத்திலேயே டப்பா வாங்குங்கள்.