ஒரே ஹைரூல், இரண்டு செல்டா: எதை முதலில் விளையாடுவது?

நிண்டெண்டோவின் ‘செல்டா’ வீடியோ கேம் வரிசையில் 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’, 2023-இல் வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ இரண்டுக்கும் தரைப்பகுதி பெரும்பாலும் ஒன்றுதான்: ஹைரூல் என்ற கற்பனை ராஜ்யம். அதைக் கடக்கும் விதம்தான் அடியோடு மாறிவிட்டது.

முதலாவதில் மலை என்றால் மலைதான். ஸ்டாமினா வட்டம் (மிச்சமிருக்கும் தெம்பைக் காட்டுவது) தீர்வதற்குள் கால் ஊன்ற ஒரு விளிம்பு எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பாதியில் மழை பிடித்தால் வழுக்கிவிடும். உச்சியில் நிற்கும்போது தூரத்தில் ஒரு ஷ்ரைன், அதாவது புதிர் கோயில், ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் பாருங்கள், அந்த ஏற்றத்துக்குக் கூலி அதுதான்.

இரண்டாவதில் பாகங்களை ஒட்டி நாமே வண்டி கட்டலாம். ஒரு ஸ்டீயரிங் ஸ்டிக், முன்னும் பின்னும் ஒவ்வொரு ஃபேன், இந்த மூன்றே போதும், பறக்கலாம். ஃபேன்கள் நேர்க்கோட்டில் ஒட்டாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பேட்டரி தீர்ந்தால் விசை நின்று கீழே இறங்கிவிடும். கட்டியதைத் திரும்பக் கட்டித்தரும் ஆட்டோபில்ட் சக்தி கிடைத்துவிட்டால், கையில் பாகமே இல்லாதபோதும் 9 ஜோனைட் (விளையாட்டில் கிடைக்கும் ஒரு தாது) கொடுத்து அதே வண்டியை நொடியில் எழுப்பலாம். கட்டும் இன்பம் அபாரம்; ஆனால் ஏறும் பதற்றம் போய்விட்டது.

ஆயுத விஷயத்தில் இரண்டாவதுக்கே என் ஓட்டு. முன்பு பெரிய எதிரியை வீழ்த்த இரண்டு நல்ல வாள்கள் உடையும், கிடைப்பதோ அதைவிட மட்டமாக இருக்கும். பொருள்களை ஆயுதத்தோடு இணைக்கும் ஃபியூஸ் சக்தி வந்தபின் வீழ்ந்த எதிரியின் கொம்பையே வாளில் ஒட்டலாம். வலிமையான எதிரி என்றால் வலிமையான கொம்பு. அதனால் சண்டையைத் தவிர்க்கத் தோன்றாது.

துணைவர்களின் சக்தியில்தான் இரண்டாவது சறுக்குகிறது. முதலாவதில் ரெவாலி என்ற துணைவர் தரும், மேலே தூக்கிவிடும் காற்றுக்கு X பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். இதிலோ சண்டைக்கு நடுவே அங்குமிங்கும் ஓடும் துணைவரைத் துரத்திப் பிடித்து A அழுத்த வேண்டும். பொருள் பொறுக்கவும் அதே A என்பதால், அருகே காற்றுச் சக்தி கொண்ட துணைவர் டூலின் நின்றால் எடுக்கப்போன பொருளைக் காற்று அடித்துப் போய்விடும்.

கதையிலும் ஒரு சிக்கல். முதலாவதில் நாயகனின் பழைய நினைவுகளை எந்த வரிசையில் பார்த்தாலும் பாதகமில்லை. இதில் டிராகன் கண்ணீர்களை (கடந்த காலக் காட்சிகளைக் காட்டுபவை) வரிசை மாற்றிப் பார்த்தால் பெரிய ரகசியம் முன்கூட்டியே உடைந்துவிடும். விளையாட்டில் வரும் ஃபர்காட்டன் டெம்பிள் என்ற கோயிலின் சுவரில் வரிசை இருக்கிறது, அதன்படியே போங்கள்.

முதலாவதை முதலில் விளையாடுவதே சரி. பறந்து பழகியவருக்கு அந்த மலைகளில் ஏறப் பொறுமை இருக்காது.