450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் என் வீட்டு எர்த் ஒயரும்

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் என் பழைய கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ஃபேன் நிற்காது, டியூப்லைட் ஒரு முறை சிமிட்டும், கம்ப்யூட்டர் மட்டும் செத்துப் பிழைக்கும். ரொம்ப நாள் இன்வெர்ட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) மேல் சந்தேகமே வரவில்லை. ‘450 வாட்’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே!

அது ஒருநாள் கருகிய வாடையோடு அடங்கியது. உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால், பிளக்கைப் பிடுங்கி ஒரு வாரம் கழித்துத்தான் திறந்தேன். (நீங்கள் அதுவும் செய்ய வேண்டாம்.) இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் காயில் இருக்க வேண்டும். போர்டில் அதற்கான இடமும் அச்சடித்திருந்தது. ஆனால் காயில் இல்லை, இரண்டு துண்டு ஒயரை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அப்புறம்தான் ஸ்டிக்கரைப் பொறுமையாகப் படித்தேன். 12 வோல்ட் லைனில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் அந்த லைனில் இருந்துதான்.

2021 கடைசியில் ரைசன் 5 5600ஜி பிராசஸர் (கிராபிக்ஸ் அதற்குள்ளேயே உண்டு) போட்டு புது மெஷின் கட்டினேன். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட் கடையில், “650 போட்டுக்குங்க சார், பின்னாடி உதவும்” என்றார்கள். பின்னாடி நான் கேம் ஆடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கோர்செயர் சிஎக்ஸ்450 வாங்கினேன். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (Bronze) என்ற மின்சிக்கன முத்திரை, 5 வருட வாரண்டி, 12 வோல்ட்டில் 37.4 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 449 வாட். இங்கே ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை.

சுவரில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்ததில் சும்மா இருக்கும்போது 30 சொச்சம், வீடியோ எக்ஸ்போர்ட் ஓடும்போது 115 வரை போகிறது. உண்மையில் 300 வாட்டே தாராளம். கம்பெனிகள் ஆபீஸ் டெஸ்க்டாப்களில் 180, 200 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டே காலம் தள்ளுகின்றன. நம் கடைகளில் சில்லறையாக அந்த அளவில் நல்ல சரக்கு கிடைப்பதில்லை, அதனால் 450.

பிரான்ஸா, அதைவிட உசத்தியான கோல்டா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. அந்த இரண்டு முத்திரைகளுக்கும் 20, 50, 100 சதவீத லோடில்தான் சோதிப்பார்கள். என் மெஷின் நாளின் பெரும்பகுதி 10 சதவீதத்துக்கும் கீழே கிடக்கிறது. 750 வாட் கோல்டு வாங்கியிருந்தால் இன்னும் கீழே. சரி, கோல்டால் 8 வாட் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். தினம் 10 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 5 யூனிட் கூடத் தேறாது. நான் காசு கொடுத்தது கரண்ட் மிச்சத்துக்கு இல்லை. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் கரண்ட் அறுந்தாலும் பதினைந்து, பதினாறு மில்லி விநாடி தாக்குப்பிடிக்கிற கெப்பாசிட்டருக்கு. அதே இன்வெர்ட்டர்தான் இன்றும் இருக்கிறது. ரீஸ்டார்ட் ஒருமுறை கூட இல்லை. பழைய சதுர அலை இன்வெர்ட்டர் என்பதால் அதில் ஓடும்போது மட்டும் எஸ்எம்பிஎஸ் லேசாக உறுமுகிறது.

ஆனால் மாட்டிய முதல் நாளே ஒரு வேடிக்கை. வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றது. டெஸ்டரை வைத்தால் எரிந்தது. புதுசே பழுதா என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன். தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் தடுத்தார். “இருங்க தம்பி, முதல்ல பாயிண்டைப் பார்ப்போம்” என்று ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்தார். எரியவில்லை. சுவிட்ச் போர்டைக் கழற்றினால் எர்த் ஒயர் சுருட்டி, டேப் ஒட்டி, மூலையில் கிடந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து!

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபில்டர் இருக்கும். அதிலுள்ள சின்ன கெப்பாசிட்டர்கள் துளிக் கரண்டை எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டிலேயே நிற்கும். பழையதில் ஃபில்டரே இல்லை, அதனால் சுர்ரும் இல்லை. இத்தனை வருடம் ஷாக் அடிக்காததற்குக் காரணம் இதுதான். ஒயரை இணைத்ததும் சரியாகிவிட்டது.

நாலு வருடம் ஓட்டிய பிறகு குறை என்றால் ஒயர்கள்தான். கழற்ற முடியாது; கிராபிக்ஸ் கார்டுக்கான ஒயரை மடித்து, டேக் போட்டு, கேபினெட்டின் அடியில் திணித்து வைத்திருக்கிறேன். தூசிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கம் ப்ளோயர் பிடிக்கிறேன். போன வாரம் வாரண்டி தேதி பார்க்கலாமென்று பில்லை எடுத்தால், எழுத்தெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத்தாள். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன், தப்பித்தேன்.