உப்புவெளியில் ஒரு காந்தமானி: நீண்டகாலப் பயன்பாட்டின் பின்

இந்தக் காந்தமானியின் விலை இறங்கியிருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், புவியின் காந்தப்புலத்தில் எழும் நுண்ணிய அலைவுகளான துருவப் பகுதிப் புவிக்காந்தத் துடிப்புகளோடு நமது பதிவுகளை ஒப்பிட இதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். உணரியில் எனக்குக் குறையில்லை; தெருவில் முச்சக்கரவண்டி திரும்பினாலே கோடு நெளிவதால், அதைக் கிணற்றடிக்கு அப்பால் வளவின் கோடியில் புதைத்திருக்கிறேன். என் கோபமெல்லாம் தரவுப்பதிவியின் மீதுதான். மின்சாரம் போய் வந்ததும் செக்கனுக்கொரு பதிவு என நான் இட்ட அமைப்பை அது கைவிட்டு, வாங்கும்போது இருந்த ஒரு நிமிடச் சராசரிக்குத் திரும்பிவிடுகிறது. பச்சை விளக்கோ எதுவும் நடவாததுபோல எரிந்துகொண்டிருக்கிறது.

நிமிடச் சராசரியில் 150 முதல் 600 செக்கன் வரை அலைவுகாலமுள்ள பிசி 5 (Pc, தொடர் துடிப்பு) வகைத் துடிப்புகள் அழியாமல் தப்பிப் பிழைக்கும். 10 முதல் 45 செக்கன் வரையான பிசி 3 தடயமின்றி அழிந்துபோகும். அந்தாட்டிக்காவின் வொஸ்தொக் நிலையத்தில் பகற்பக்கத் துடிப்புகள் காந்த நண்பகலை (புவியின் காந்த அச்சைக் கொண்டு கணிக்கும் நண்பகலை) ஒட்டி வலுக்கின்றன; சூரியன் மறையாத கோடையில், மேல்வளியின் மின்னேறிய படையான அயனமண்டலத்தின் கடத்துதிறன் உயர்ந்திருப்பதால் அவை மேலும் எடுப்பாகத் தெரிகின்றன. (அங்கே சூரியன் உச்சிக்கு வருவது இலங்கை நேரப்படி முற்பகல் பத்தரை மணியளவில், காந்த நண்பகலோ மாலை ஆறரை மணியளவில். இதைக் கவனியாதவருக்கு நாளாந்தக் கோலம் பிடிபடாது.) அந்தக் கோடை உச்சத்திலிருக்கும் மார்கழியில்தான் இங்கே வடகீழ்ப் பருவமழை கொட்டி, மின்சாரம் அடிக்கடி போகிறது. யூபிஎஸ் வைத்தும் பார்த்தாயிற்று. நீண்ட மின்தடையை அது தாங்குவதில்லை. பருவகால மாற்றத்தைக் காண அறுபடாத ஓராண்டுப் பதிவு வேண்டும் என்கிறபோது, வேண்டிய மாதங்களிலேயே காலை வாரும் கருவியை எப்படிப் பாராட்டுவது?

ஆனால் ஆனி மாதத்தில், கச்சான் காற்று வீசி வானம் வெளுத்துக் கிடக்கும் நாட்களில், இதே பெட்டி மனிதரை மயக்கிவிடுகிறது. வடதுருவத்தை அண்டிய நோர்வேயின் சுவால்பாட் தீவுகளிலுள்ள லொங்யியர்பியனில் அப்போது கோடை. அதன் காந்த நண்பகல் நமக்குப் பிற்பகல் இரண்டரை மணியளவில் வருகிறது. அவ்வேளை நாமும் பகற்பக்கத்திலேயே இருப்பதால், சூரியன் உமிழும் மின்துகளோட்டமான சூரியக் காற்றின் காந்தப்புலம் சூரியனையும் புவியையும் இணைக்கும் கோட்டை ஒட்டிச் சாயும்போது, அக்காற்று புவியின் காந்தமண்டலத்தோடு மோதும் அதிர்ச்சி எல்லைக்கு முன்னுள்ள முன்னதிர்ச்சிப் பகுதியில் பிறக்கும் பிசி 3 அலைகள் வடதுருவ ஓரத்திலும், காந்த மத்தியகோட்டை அண்டிய நமது வளவிலும் சேர்ந்தே தலைகாட்டுவதுண்டு. முதன்முறை இரு வரைபடங்களையும் மேல்கீழாக வைத்துப் பார்த்தபோது இராச்சாப்பாடு ஆறிப்போனது.

நண்பரும் இதே மழையும் மின்தடையும் உள்ள திருகோணமலைக்காரர் என்பதால், இந்த விலைக்கும் வேண்டாம் என்பதே என் பதில். விற்பனையாளர் உணரியைத் தனியாகத் தருவாரானால், மறுபேச்சின்றி வாங்கட்டும்.