டூலின் ‘ஸ்கிஸம்’: பாட்டுக்கு முழு மதிப்பெண், வீடியோவுக்கு முக்கால்

மெட்டல் என்கிற கனத்த ராக் இசையை வாசிக்கும் அமெரிக்கக் குழு டூல். அவர்களுடைய ‘ஸ்கிஸம்’ பாட்டுக்கு வீடியோ வழியாக வந்தவர்கள் பாவம். நானும் அப்படித்தான் வந்தேன். மொட்டைத் தலையும் வெளிறிய தோலுமாக இரண்டு உருவங்கள், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வெட்டி வெட்டி நகர்கின்றன, கழுத்துக்குள்ளிருந்து எதையோ உருவி எடுக்கின்றன. போதுமடா சாமி என்று மூடிவிட்டேன். பல மாதம் கழித்து இருட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் பாட்டே காதில் விழுந்தது.

2001-இல் ‘லேட்டரலஸ்’ ஆல்பத்தின் முதல் சிங்கிளாக, அதாவது தனியாக வெளியிடும் பாட்டாக, வந்தது. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, சிங்கிள் என்று சொல்லவே துணிச்சல் வேண்டும். ஜஸ்டின் சான்சலரின் பேஸ் கிட்டார்தான் இங்கே ராஜா. திரும்பத் திரும்ப வரும் அந்த ரிஃப்புக்குத் தலையாட்டிப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலேயே தப்பிவிடும், ஏனென்றால் ஐந்து தட்டும் ஏழு தட்டும் மாறி மாறி வருகின்றன. மேற்கத்திய எண்ணிக்கையில் குழம்பிப்போய்க் கடைசியில் ‘தக தகிட, தகதிமி தகிட’ என்று தொடையில் தட்டினேன், அப்படியே உட்கார்ந்துவிட்டது! இசைக்குழுவினரே இதை ஆறரை என்று கிண்டலாகச் சொல்வார்களாம். டிரம்ஸ் வாசிக்கும் டேனி கேரி தபலா கற்றவர், அதனால் இந்த நெளிவெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இத்தனை கணக்குக்கு மேலேயும் மேனார்ட் கீனன் பதறாமல், பேச்சு நின்றுபோன இரண்டு பேரைப் பற்றி ஏதோ ரகசியம் சொல்வது போலப் பாடுகிறார். நடுவில் எல்லாம் அடங்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு கடைசியில் இடிக்கிற இடம் இருக்கிறதே, அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்கலாம். 2002-இல் மெட்டலுக்கான கிராமி கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, வீடியோ. இயக்கியவர் கிட்டாரிஸ்ட் ஆடம் ஜோன்ஸ். ஹாலிவுட்டில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவர் என்பது அந்தத் தோலைப் பார்த்தாலே தெரிகிறது, கையால் செய்த ஈரம் அதில் இருக்கிறது. இசைக்குழுவில் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்டவில்லை, அதுவும் நல்லதுதான். அந்த உருவங்கள் ஏன் அப்படி இழுத்து இழுத்து அசைகின்றன என்பது தாளம் பிடிபட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது: பாட்டு இடறுகிற மாதிரியே உடம்பும் இடறுகிறது. என் குறை ஒன்றுதான். முதல் மூன்று நிமிடத்திலேயே கையிலிருக்கும் சரக்கையெல்லாம் காட்டிவிடுகிறார்கள், அந்த அமைதியான நடுப்பகுதியில் படம் சும்மா காத்துக்கொண்டு நிற்கிறது, பாட்டு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன், நான்காவது நிமிடத்தில் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டேன். படத்தை அணைத்துவிட்டுக் கேட்டபோது அது நடக்கவே இல்லை.

புதிதாகக் கேட்பவர்கள் நான் வந்த வழிக்கு நேர்மாறாக வாருங்கள். முதலில் காது, தாளம் தொடையில் ஏறிய பிறகு கண். சாப்பிடும்போது மட்டும் வீடியோ வேண்டாம்.