பதிப்பகமா, சொந்தப் பதிப்பா? உரிமை திரும்பும் வழியைப் பாருங்கள்

என் முதல் நூல் ஒரு பதிப்பகம் வழியாக வந்தது. இரண்டாவதை அமேசானின் கிண்டிலில் மின்னூலாகவும், ஆர்டர் வந்த பிறகு பிரதி அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் அச்சு நூலாகவும் நானே வெளியிட்டேன். அடுத்ததும் அப்படித்தான் வரப்போகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்பகத்தில் முதலீடு அவர்களுடையது. எடிட்டிங், மெய்ப்பு, அட்டை, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அச்சு நூலுக்கு ராயல்டி பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கிண்டிலில் நேரடியாக வெளியிட்டால் 35 அல்லது 70 சதவீதம். 70 வேண்டுமென்றால் விலை வரம்பு போன்ற சில நிபந்தனைகள் உண்டு. செலவும் விளம்பரமும் நம் தலையில்.

பலர் இந்தச் சதவீதக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: எழுதிக் கொடுத்த உரிமை எப்போது திரும்பி வரும்?

முன்பு பல ஒப்பந்தங்களில் இதற்கு வழி இருந்தது. பிரதிகள் தீர்ந்து, பதிப்பாளர் மறுபதிப்பு போடாவிட்டால், நூல் அச்சில் இல்லை என்றாகிவிடும். எழுத்தாளர் கடிதம் எழுதி உரிமையைத் திரும்பக் கேட்கலாம். இப்போது, ஒப்பந்தத்தில் விற்பனை வரம்பு இல்லாவிட்டால், சர்வரில் ஒரு கோப்பு கிடந்தாலே போதும், நூல் என்றைக்கும் ‘அச்சில் இருக்கிறது’. வருடம் முழுக்க ஒரு பிரதி விற்காவிட்டாலும் அப்படித்தான். 2007இல் அமெரிக்கப் பதிப்பகமான சைமன் அண்ட் ஷூஸ்டர், விற்பனை இந்த அளவுக்குக் கீழே போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்ற வரம்பைத் தன் ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது. ஆத்தர்ஸ் கில்ட் என்ற எழுத்தாளர் அமைப்பு பகிரங்கமாக எதிர்த்த பிறகுதான் பின்வாங்கியது. கிண்டில் கருவி விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டு நவம்பரில்தான்.

‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதன் நீளத்தை யோசியுங்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி நூல்களுக்கு அது எழுத்தாளர் இறந்த பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள்! என் முதல் நூலின் அச்சுப் பிரதி இன்று எங்கும் கிடைப்பதில்லை. மின்னூல் மட்டும் பட்டியலில் இருப்பதால் அதை வேறு எவரிடமும் கொடுக்க முடியாது. பழசாகிப்போன ஒரு அத்தியாயத்தைத் திருத்தவும் பதிப்பகம் மனது வைக்க வேண்டும். இரண்டாவது நூலில் தகவல் மாறியதும் புதிய கோப்பை நானே ஏற்றினேன், வேலை முடிந்தது.

சொந்தப் பதிப்பிலும் கட்டுகள் உண்டு. கேடிபி என்பது அமேசானில் நாமே நூல் வெளியிடும் தளம்; அதன் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் மின்னூலை 90 நாட்களுக்கு வேறெங்கும் விற்கக் கூடாது. நிறுத்தாவிட்டால் தானாகவே நீளும். அச்சு நூலுக்கு இது பொருந்தாது. அப்புறம், அச்சு நூலுக்குக் கேடிபி இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை, அதாவது நூலின் அடையாள எண்ணை, வெளியே பயன்படுத்த முடியாது. ஆனாலும் 90 நாள் எங்கே, ஆயுளுக்குப் பின் அரை நூற்றாண்டு எங்கே?

ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் நூலுக்கு வாய்த்த எடிட்டரைப் போல ஒருவர் இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. நான் எழுதுவது கட்டுரை நூல்கள். நாவலுக்கோ சிறார் நூலுக்கோ என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பதிப்பகம்தான் வேண்டும் என்றால், சரி, போங்கள். ஆனால் அச்சு, மின்னூல், ஒலிநூல் உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஆண்டு விற்பனை குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மறுத்தால், ஒப்பந்தத்துக்கு ஆண்டுக் கணக்கில் ஒரு காலவரையறையாவது இருக்கட்டும்.