கேக்-ஏ, வேக்-ஏ, டூப்-ஏ: எந்த மரபணுவை நம்புவது?

ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் ஒரே பாக்டீரியா ஒருவருக்கு முன்சிறுகுடற்புண்ணையும் இன்னொருவருக்கு இரைப்பைப் புற்றுநோயையும் தருகிறது. தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்கோ ஆயுள் முழுவதும் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. இந்த வேறுபாட்டைப் பாக்டீரியாவின் மரபணுக்களைக் கொண்டு விளக்க முயன்றவர்கள் அதிகம் பேசியவை மூன்று: கேக்-ஏ (cagA), வேக்-ஏ (vacA), டூப்-ஏ (dupA). அவை மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

கேக்-ஏ தனித்து வருவதில்லை. டி.என்.ஏ-வின் ஏறத்தாழ 40,000 கார இணைகள் நீளமுள்ள மரபணுத் தொகுதியின் ஒரு முனையில் அது அமைந்திருக்க, அத்தொகுதியின் மற்ற மரபணுக்கள் பல சேர்ந்து ஊசி போன்ற ஒரு செலுத்து கருவியைக் கட்டுகின்றன. அதன் வழியே கேக்-ஏ புரதம் இரைப்பைச் செல்லுக்குள் இறங்கியதும், அந்தச் செல்லின் நொதிகளே அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றி முடுக்கிவிடுகின்றன. திருட வந்தவனுக்கு வீட்டுக்காரனே விளக்குப் பிடிப்பது போலத்தான். அப்புரதம் எஸ்.எச்.பி-2 (SHP-2) என்னும் நொதியைப் பற்றிக்கொள்ள, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்கள் வால் முளைத்தாற்போல் நீள்கின்றன. இப்பாக்டீரியாவின் கிழக்காசியத் திரிபுகளில் (உள்வகைகளில்) இந்தப் பிடிப்பு மேலைத் திரிபுகளில் உள்ளதைவிட வலுவானது. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானில் ஏறக்குறைய எல்லாத் திரிபுகளிலும் கேக்-ஏ இருக்கிறது. கொல்கத்தாவில் ஆராய்ந்தபோதும் புண் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி அது காணப்பட்டது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து யாருக்கு நோய் வரும் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வேக்-ஏ எல்லாத் திரிபுகளிலும் இருப்பதால், அதில் பார்க்க வேண்டியது இருப்பை அல்ல, வகையை. இம்மரபணுவின் எஸ், எம் என்னும் மாறுபடும் பகுதிகளைக் கொண்டு வகைகளுக்குப் பெயரிடுகிறார்கள். எஸ்1-எம்1 வகை உண்டாக்கும் நச்சு செல்லுக்குள் குமிழ் குமிழாக வெற்றிடங்களை ஊதவைக்கிறது. சாதாரண நுண்ணோக்கியிலேயே அவை தெரியும். எஸ்2 வகைக்கு அந்த வலு இல்லை. எஸ்1 பெரும்பாலும் கேக்-ஏவுடன் சேர்ந்தே வருவதால், பாதிப்பில் எது எவ்வளவுக்குப் பொறுப்பு என்று பிரிப்பது கடினம்.

2005-இல் ஜப்பான், கொரியா, கொலம்பியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் டூப்-ஏ முன்சிறுகுடற்புண்ணோடு தொடர்புற்றும், புற்றுநோயோடு எதிர்த்திசையிலும் தோன்றியது. முன்சிறுகுடற்புண் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் குறைவாக வருவது முன்பே தெரிந்திருந்ததால், இக்கண்டுபிடிப்பு கச்சிதமாகப் பொருந்தியது. பிற நாடுகளில் அந்த முடிவு சீராக நிலைக்கவில்லை. மரபணு முழுமையாக உள்ளதா, இடையில் அறுபட்டதா என்று பாராமல் இருப்பை மட்டும் எண்ணியதும் ஒரு காரணம். என் கணிப்பில் இது மூன்றாமிடத்துக்கு உரியது. புற்றுநோய் அபாயத்தை அளக்க, கேக்-ஏவின் வகையையும் வேக்-ஏவின் வகையையும் சேர்த்துப் பார்ப்பதே மேல்.

சிகிச்சை அறையில் நிலைமை வேறு. மூச்சுச் சோதனையிலோ திசுத் துணுக்கிலோ பாக்டீரியா உறுதியானால், இம்மூன்றும் எவ்வாறிருந்தாலும் அதை ஒழிக்க மருந்து தரப்படுகிறது. அந்த மருந்துத் தேர்வையே மாற்றவல்ல மரபணு வேறொன்று: கிளாரித்ரோமைசின் என்னும் பாக்டீரியா கொல்லி மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் மாற்றங்கள் நிகழும் 23எஸ் ஆர்.ஆர்.என்.ஏ மரபணு.